விலை குறைந்த ரிப்பீட்டரும் ஏழு மயில்களும்

செங்கரட்டூர்க்காரர்களைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சொன்ன சொல் தவறாதவர்கள். அதாவது, யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்து முடித்துவிடுபவர்கள். பஸ்ஸில் கண்டக்டர், “உள்ளே போங்க, இன்னும் உள்ளே போங்க” என்று சொன்னதைக் கேட்டு டிரைவர் மடி வரைக்கும் போனவர்கள் அவர்கள்தான். நான் அதற்கு அடுத்த ஊர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் புத்தி அதிகம். அதனால் எங்கள் ஊரில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லை.

செங்கரட்டூருக்கும் அதன் வயல்வெளிக்கும் நடுவில் செங்கரடு என்று ஒரு பாறைக் குன்று படுத்திருக்கிறது. வடக்கே வீடுகள், தெற்கே நிலங்கள். தெற்குப் பக்கம் கடைசியில் இருப்பது வேலாத்தாளின் கடலைக்காடு. மற்றவர்கள் எல்லாம் மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் மாறிவிட்டார்கள். வேலாத்தாள் மட்டும் நிலக்கடலையை விடவில்லை. அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் போட்டது கடலைதான், அவளுக்குத் தெரிந்ததும் கடலைதான்.

கரட்டில் ஏழு மயில்கள் இருந்தன. அவற்றுக்கும் கடலைதான் தெரியும்.

போன வருஷம் அறுவடைக்கு முன்னால் ஏழும் இறங்கி, வரிசை வரிசையாகக் கிளறித் தின்றுவிட்டுப் போயின. ஈரோட்டில் இருந்து வேலாத்தாளின் அண்ணன் வந்து பார்த்தார். “இந்த வருசம் போனது போகட்டும். அடுத்த வருசமும் இப்படியே ஆச்சுன்னா நிலத்தைக் குடுத்துட்டு நம்ம வீட்டுக்கே வந்துரு. உங்க அண்ணியும் ஒத்தையில அல்லாடறா” என்றார். வேலாத்தாள் ஒரு முறை அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்திருக்கிறாள். அவள் கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் அண்ணி எடுத்து இன்னொரு தரம் கழுவினாள். மிச்ச காலத்தை அந்தச் சமையல்கட்டில் கழிக்க வேலாத்தாளால் ஆகாது. இந்த வருஷக் கடலை வீடு வந்து சேர்ந்தே ஆக வேண்டும்.

ஊரே அவளுக்காக வருத்தப்பட்டது. காவல் கமிட்டி ஒன்றும் போட்டார்கள். தலைவர் சென்னியப்பன், அறுபதைத் தாண்டியவர், எதையும் நிதானமாகத் தவறாகப் புரிந்துகொள்பவர். கேள்வி கேட்பதற்குக் குப்பணன். காவல் இருப்பதற்கு அர்த்தநாரி.

ஆனால் மயிலைத் துரத்தக் கூடாது. அது முருகன் வாகனம். செங்கரட்டூரில் மயிலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்ப வேண்டும். குச்சியை ஓங்குவது, பட்டாசு வெடிப்பது எல்லாம் பாவக் கணக்கு. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, வழியனுப்புவது. பத்துப் பேர் சேர்ந்து தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு போய், “சாமி, எழுந்தருளணும்” என்பார்கள். பத்து ஆளையும் புகையையும் பார்த்து மயில்கள் எழுந்தருளிவிடும். இது நல்ல வழிதான். ஆனால் மயில் வந்த செய்தியை ஒருவர் கரட்டைச் சுற்றி நடந்து வந்து சொல்லி, பத்துப் பேரும் குளித்துக் கிளம்புவதற்குள் மயில்கள் சாப்பிட்டு முடித்து, தாமாகவே எழுந்தருளியிருக்கும்.

கரட்டின் அந்தப் பக்கம் செல்போன் எடுக்காது. அதனால் நாலு வாக்கி டாக்கி வாங்கினார்கள். அதுவும் கரட்டைத் தாண்டவில்லை. விசாரித்தபோது, கோயமுத்தூரில் ரேடியோ சாமான் விற்கும் ஒரு கடைக்காரர், இதற்கு ரிப்பீட்டர் வேண்டும் என்றார். கமிட்டி பஸ் ஏறியது.

“ரிப்பீட்டருங்கறது என்ன செய்யுமுங்க?” என்று குப்பணன் கேட்டார்.

“ஒருத்தர் பேசறதைக் கேட்டு, அதை அப்படியே பலமாத் திருப்பிச் சொல்லுமுங்க” என்றார் கடைக்காரர்.

“கூட்டிக் கொறைச்சுச் சொல்லுமுங்களா?”

“சொல்லாது.”

“ஒருத்தரு சொன்னதை இன்னொருத்தருகிட்டப் பத்த வெக்குமுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“அப்ப இது எங்க ஊரு ஆளுகளுக்கு எவ்வளவோ மேலுங்க” என்று குப்பணன் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார்.

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று விலை குறைந்தது, ஒன்று பெரிய விலை. எதை வாங்கலாம் என்று சென்னியப்பன் கேட்டார். கடைக்காரர் நியாயமான மனிதர்.

“உங்க ஒரு கரட்டுக்கு இந்தச் சின்னதே தாராளமுங்க. விலை கொறஞ்சதுல ரெண்டு மூணு வம்பு இருக்குது, அதை மட்டும் பாத்துக்கணும். எவ்வளவு உயரத்துல வெக்க முடியுமோ அவ்வளவு உயரத்துல வைங்க. ரெண்டு கம்பி இருக்குது பாருங்க, ஒண்ணு இதுக்குக் காது, ஒண்ணு வாய். இது பேசறது இதோட காதுலயே விழுந்தா குழம்பிப் போயிரும். அதனால ரெண்டையும் தள்ளித் தள்ளி வைங்க. அப்புறம் விடாமப் பேசினாச் சூடாயிரும். அப்பப்ப ஓய்வு குடுங்க. பத்து நாள் வெச்சுப் பாருங்க, திருப்தின்னா எடுத்துக்கங்க. இல்லீன்னாத் திருப்பிக் குடுத்துருங்க. லைசென்சு காகிதத்தை நான் பாத்துக்கறேன்.”

“எதை வெச்சுங்க திருப்தியான்னு பாக்கறது?” என்றார் குப்பணன்.

“மயிலு வந்துச்சுன்னா இந்தப் பக்கம் சொல்றது அந்தப் பக்கம் தெளிவாக் கேக்குதான்னு பாருங்க. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை மூன்று பேரும் மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் முதல் சோதனை நடந்தது. பெட்டியை நடுவில் வைத்து, ஊரார் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். அர்த்தநாரி ஒரு வாக்கி டாக்கியில், “அலோ” என்றான். எதிரில் நின்ற சென்னியப்பன் கையில் இருந்த வாக்கி டாக்கியும், “அலோ” என்றது.

குப்பணன் யோசித்தார். “ஏனுங்கண்ணா, அர்த்தநாரி சத்தம் முதல்ல வந்துது. மெசினு சத்தம் கொஞ்சம் பொறகால வந்துது. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன்” என்றார் சென்னியப்பன். “விலை கொறஞ்சதல்லொ. மெதுவாத்தான் வரும்.”

ஒரு அபிப்பிராயம் அப்போதே பதிவாகிவிட்டது.

அடுத்தது, உயரம். அந்தப் பக்கத்திலேயே உயரமான இடம் கரட்டின் உச்சி. அங்கே பாறையில் நட்ட ஒரு வேல் இருக்கிறது. கோயில் என்றால் அதுதான் கோயில். சாமிக்கு மேலே எதுவும் நிற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. செங்கரட்டூரில் தென்னை மரத்தைக் கூட அளந்துதான் வளர விடுவார்கள்.

“கடைக்காரர் உயரத்துல வெக்கச் சொன்னாரு. சாமி தாழத்துல வெக்கச் சொல்றாரு” என்றான் அர்த்தநாரி.

“ரெண்டு பேரும் பெரியவங்க. ரெண்டு பேரு சொல்லையும் தட்டக் கூடாது” என்றார் சென்னியப்பன்.

ஆகவே பெட்டியைக் கரட்டு உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஒரு குழி தோண்டி, அதற்குள் இறக்கினார்கள். கம்பிகளின் நுனி வேலின் நுனிக்கு ஒரு விரல் தாழ நிற்கும்படி குழியை ஆழப்படுத்தினார்கள். காதும் வாயும் தள்ளி இருக்க வேண்டுமே. வயர் குட்டையாக இருந்தது. கொஞ்ச தூரம்தான் தள்ள முடிந்தது. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, அர்த்தநாரி தன் மப்ளரை அவிழ்த்துக் காதுக் கம்பிக்குச் சுற்றிக் கட்டினான். சூடாகக் கூடாது என்பதற்காகப் பெட்டியைச் சுற்றி நனைத்த சாக்கு. ஓய்வு கொடுக்கச் சொன்னதையும் மறக்கவில்லை. அமாவாசை அன்று மாட்டை ஏரில் பூட்ட மாட்டோம், அதே மாதிரி மெசினுக்கும் அமாவாசை விடுமுறை என்று தீர்மானமானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரிப்பீட்டர் அருமையாக வேலை செய்தது. குழியும் உச்சியில்தானே இருக்கிறது. மப்ளரைப் பற்றி அது கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் காலை அர்த்தநாரி கடலைக்காட்டில் காவல் இருந்தான். ஏழு மயில்களும் பாறையில் இருந்து இறங்கி வந்தன. அவன் செருப்பைக் கழற்றினான். இரண்டு கையையும் கூப்பினான். கையில் இருந்த வாக்கி டாக்கி வரப்பில் விழுந்தது. கும்பிட்டு முடித்து, அதை எடுத்து மண்ணைத் துடைத்து, பட்டனை அழுத்தினான். சென்னியப்பன் அவனுக்கு மாமா முறை. பெரியவரிடம் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வது மரியாதை இல்லை.

“மாமா, சாப்டாச்சுங்களா?”

கரட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கண்ணாடி மாதிரி பதில் வந்தது. “ஆச்சு மாப்ளே. நீ?”

“ஆச்சுங்க. உப்புமாங்க. அத்தைக்குக் கால்வலி பரவால்லீங்களா?”

“எங்க பரவால்ல. எண்ணெய் தேச்சுட்டு இருக்கறா. அந்தப் பக்கம் மழை எப்படி?”

“ராத்திரி நாலு தூத்தல் போட்டுதுங்க. தம்பி காலேசு போயிருச்சுங்களா?”

“போயிருச்சு. அப்புறம்?”

“அப்புறம் மயிலு வந்திருக்குதுங்க.”

“எத்தனை?”

“வாரப்ப ஏழுங்க. இப்ப சாப்டுட்டுக் கெளம்பிருச்சுங்க.”

“நல்லது. வெச்சரட்டுமா?”

“நீங்க வைங்க மாமா.”

“இல்ல, நீ வை.”

“பெரியவங்க இருக்கறப்ப நான் எப்படீங்க முன்னால வெக்கறது?”

பேசி முடித்தால் ‘ஓவர்’ என்று சொல்லும்படி கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு, முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்றும் விளக்கியிருந்தார். பெரியவர் ஒருவரிடம் முடிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அன்றைய பேச்சு, சென்னியப்பனின் வாக்கி டாக்கியில் பேட்டரி தீர்கிற வரைக்கும் போயிற்று.

கிழக்கு மூலையில் ஒரு வரிசைச் செடி கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு வேலாத்தாள் கமிட்டியிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஏனுங்கண்ணா, மயிலு வந்தா மொதல்ல மயிலைச் சொல்லக் கூடாதுங்களா? உப்புமாவ அப்புறம் சொல்லிக்கலாமல்லொ?”

“அம்மிணி, நீ சொல்றது எனக்குப் புரியுது” என்றார் சென்னியப்பன் அன்பாக. “ஆனா ஒரு மனுசனைக் கூப்பிட்டுச் சாப்டீங்களான்னு கூடக் கேக்காம மயிலுன்னா, அவன் என்ன நெனைப்பான்? என்னமோ மயிலுக்காகத்தான் கூப்பிட்டானாட்ட இருக்குதுன்னு நெனைக்க மாட்டானா?”

வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டுக்கே திரும்பிப் போனாள். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்ததில் இருந்தே இந்த மாதிரி கேள்வி வந்தால் அவள் செய்வது அதுதான்.

ஆனாலும் கமிட்டி கூடி ஆராய்ந்தது. தாமதத்துக்குக் காரணம் விசாரிப்பு இல்லை, கும்பிடு என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு கையையும் கூப்பினால் பட்டனை யார் அழுத்துவது? குப்பணன் பழைய சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து, வாக்கி டாக்கியின் பட்டன்மேல் இறுக்கிப் போட்டார். இனிக் கை வேண்டாம். பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும்.

“பட்டன் அமுந்தியிருந்தாப் பேச மட்டுந்தான் முடியும், கேக்க முடியாதுன்னு கடைக்காரரு சொன்னாரே” என்றான் அர்த்தநாரி.

“அதுக்குத்தான் நாலு வாங்கியிருக்குது” என்றார் குப்பணன். “ஒண்ணுல பேசு, ஒண்ணுல கேளு.”

இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து அர்த்தநாரியின் கழுத்தில் மாலையாகப் போட்டார்கள். கேட்கிற வாக்கி டாக்கியின் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தார்கள். அவன் கடலைக்காட்டுக்குப் போய் நின்றான்.

இதற்குப் பிறகு நடந்தது என்ன என்று புரிய ரேடியோ படிப்பு எதுவும் தேவையில்லை. கழுத்தில் இருந்த முதல் வாக்கி டாக்கி கேட்டதைக் கரட்டு உச்சிக்கு அனுப்பியது. ரிப்பீட்டர் அதைப் பலமாகத் திருப்பிச் சொன்னது. பக்கத்திலேயே தொங்கிய இரண்டாவது அதைக் கத்தியது. முதலாவது அந்தக் கத்தலைக் கேட்டு மறுபடி உச்சிக்கு அனுப்பியது. இப்படியே சுற்றிச் சுற்றி, “கூய்ங்ங்ங்” என்று ஒரு ஊளை கிளம்பிற்று. பாறையில் இருந்த ஏழு மயில்களும் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் பறந்து போயின.

வடக்கே, ஊரில், சென்னியப்பனின் வாக்கி டாக்கியும் அதையே சொன்னது. அவர் குப்பணனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“கூய்ங்ங்குது.”

“மெசினு தானாச் சொல்லாதுங்கண்ணா. ஒருத்தரு சொன்னதைத்தான் சொல்லும். கூட்டாது, கொறைக்காது. கடைக்காரர் வாக்கு.”

“அப்ப யாரோ கூய்ங்னு சொல்றாங்க.”

“யாருங்க?”

இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். சாயங்காலம் அர்த்தநாரி வந்ததும் சென்னியப்பன் கேட்டார். “மாப்ளே, கூய்ங்னு சொன்னது நீயா?”

“நானுங்களா? நீங்க சொல்றீங்கன்னு நெனைச்சனுங்க மாமா. பெரியவங்க சொல்லி நாம சும்மா இருந்தா நல்லாருக்காதேன்னு நானும் திருப்பிச் சொல்லிட்டு இருந்தனுங்க.”

“அப்ப மறுபடி கேட்டது உன்னுதா?”

“ஆமாங்க. மரியாதைக்குங்க.”

சென்னியப்பனுக்குத் திருப்தியாகப் போயிற்று. மறுநாளில் இருந்து அவரும் வடக்கே உட்கார்ந்து அவ்வப்போது, “கூய்ங்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அமாவாசை வந்தது. மெசினுக்கு விடுமுறை, அர்த்தநாரிக்கும் விடுமுறை. வேலாத்தாள் மட்டும் காட்டுக்குப் போனாள். ஊளை இல்லை. வெயில் ஏறுவதற்குள் ஏழு மயில்களும் இறங்கி, மேற்கு மூலையில் ஆரம்பித்துவிட்டன. அவள் சேலையை உதறிக்கொண்டு ஓடினால் அவை கிழக்கே பறந்தன, கிழக்கே ஓடினால் மேற்கே. மூச்சு வாங்க வரப்பில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. இத்தனை நாளாகக் கடலையைக் காப்பாற்றியது காவலும் இல்லை, கமிட்டியும் இல்லை. அர்த்தநாரி கழுத்தில் தொங்கிய அந்தக் கத்தல்தான்.

மறுநாள் மெசின் வேலைக்குத் திரும்பியது. மயில்கள் காட்டை விட்டுப் போயின. கடலை முற்றிக்கொண்டு வந்தது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். இன்னும் மூன்று நாலு நாள் நின்றால் போதும், பறித்துவிடலாம். ஆனால் கடைக்காரர் கொடுத்த பத்து நாள் அதற்கு முன்பே முடிந்தது.

கமிட்டி மோட்டார் ரூம் நிழலில் கூடியது. ரிப்பீட்டரை வாங்குவதா, திருப்பிக் கொடுப்பதா? வேலாத்தாளும் வந்து ஓரமாக நின்றாள்.

குப்பணன் தொடங்கினார். “நாம எதுக்கு இதை எடுத்தோம்? மயிலு வந்தாச் சொல்றதுக்கு. வளையம் போட்டதுல இருந்து ஒரு மயிலாச்சும் வந்துதா?”

“வரலீங்க” என்றான் அர்த்தநாரி.

“ஒண்ணு கூடவா?”

“ஒரு குஞ்சு கூட வரலீங்க.”

“பாத்துக்கங்கண்ணா. ஒரு மயிலைக் கூட இதால காட்ட முடியல. இதைப் போய்க் காசு குடுத்து வாங்கறதா?”

சென்னியப்பன் வருத்தத்தோடு தலையாட்டினார். “நான் அன்னைக்கே சொன்னேன். விலை கொறஞ்சது. நாளைக்கு முதல் பஸ்ஸுக்குத் திருப்பிக் கொண்டு போயிருங்க.”

வேலாத்தாளுக்குப் பகீர் என்றது. ஈரோட்டுச் சமையல்கட்டும் அண்ணி கையில் இருக்கும் தேய்ப்பு நாரும் கண்ணுக்கு முன்னால் வந்தன. முன்னுக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“திருப்பிக் குடுத்துராதீங்கண்ணா. மயிலு வராததே இந்த மெசினாலதானுங்க. இது போடற சத்தத்துக்குப் பயந்துதான் அதுக ஓடிப் போயிருச்சு.”

அர்த்தநாரி முகம் வெளுத்தது. மெதுவாகச் செருப்பைக் கழற்றினான்.

“நாம துரத்திப்போட்டமா?” என்றான். “வாகனத்தையா?”

“ஐயோ முருகா” என்று சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நானும் இங்கிருந்து கூய்ங் கூய்ங்னு கூடச் சேர்ந்து துரத்தியிருக்கறேனே. நாளைக்கு எதுக்கு, இன்னைக்கே கொண்டு போயிருங்க. கையோட மொட்டையும் போட்டுட்டு வந்தரலாம்.”

உண்மையைச் சொன்னதில் காரியம் முன்னைவிட மோசமாகிவிட்டதை வேலாத்தாள் கண்டாள். அவளும் செங்கரட்டூரில் பல வருஷம் இருந்தவள்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு வழிக்கு வந்தாள்.

“அடப் பாவமே, நான் சொன்னது தப்புங்கண்ணா. இப்பத்தான் நெனப்பு வருது. இன்னைக்கு என்ன நாளுங்க?”

“சஷ்டி.”

“அப்ப மயிலு இங்க எப்படீங்க இருக்கும்? சூரசம்காரத்துக்குப் பழனிக்குப் போயிருக்குமல்லொ? வாகனம் இல்லாமச் சாமி எதுல போவாரு?”

குப்பணன் விரலை மடக்கினார்.

“சாமி ஒருத்தரு. மயிலு ஏழு. ஏழும் எதுக்கு அம்மிணி?”

“சாமிக்கு ஒண்ணுங்க. வள்ளி, தெய்வானைக்கு ஒண்ணொண்ணுங்க.”

“மூணாச்சு. மீதி?”

“மாத்துக்கு வேணுமல்லொங்க? பஸ்ஸுக்கே மாத்து டிரைவரு இருக்கறாரு.”

“நாயந்தான்” என்றார் குப்பணன்.

“எப்ப வரும்?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“நாளைக்குத் திருக்கல்யாணம் பாக்காம வராதுங்க. அப்புறம் பழனியில இருந்து வந்து சேரோணும்.”

“பறந்தா ஒரு எட்டுதானே?”

“விரதம் இருந்த ஒடம்புங்கண்ணா. நடந்துதான் வரும்.”

சென்னியப்பன் கண் கலங்கிவிட்டது. நம்ம கரட்டு மயில் இவ்வளவு பக்தியாக இருக்கிறது என்று யார் நினைத்தது? மெசினின்மேல் தவறே இல்லை, மயில் ஊரில் இல்லாத நாளைச் சோதனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. மயில் திரும்பி வந்து, மெசின் அதைத் தெளிவாகச் சொன்ன பிறகுதான் வாங்குவதா வேண்டாமா என்கிற பேச்சு. அதுவரைக்கும் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். “இன்னும் நாலஞ்சு நாளு வேணுமுங்க. மயிலுக பழனிக்குப் போயிருக்குது” என்றார் சென்னியப்பன். அந்தப் பக்கம் இருந்து, “சரிங்க” என்று மட்டும் கேட்டது. வணக்கம் கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அர்த்தநாரி காட்டில் நின்றான். கழுத்து ஊளையிட்டது. மயில்கள், அவை எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. நாலாம் நாள் ஊரே திரண்டு கடலைக்காட்டில் இறங்கியது. முட்டாள்களாக இருந்தாலும் வேலைக்குச் சளைத்தவர்கள் இல்லை. செடியைப் பிடுங்க ஒரு கூட்டம், காயை ஆய ஒரு கூட்டம். சாயங்காலத்துக்குள் மூட்டைகள் வேலாத்தாள் வீட்டு வாசலில் அடுக்காகிவிட்டன. அவள் அந்த மூட்டைகள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டு அழுதாள். துக்கம் ஒன்றும் இல்லை, சந்தோஷந்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, நான் அங்க வரலீங்க. வறுத்துத் திங்க ஒரு மூட்டை கடலை குடுத்தனுப்பறேன். அண்ணிகிட்டச் சொல்லுங்க, கழுவித்தான் அனுப்பறேன்னு.”

அர்த்தநாரி காது அடைத்துப்போய் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவன் கழுத்தில் தொங்கிய வாக்கி டாக்கியின் பட்டன்மேல் இருந்த சைக்கிள் டியூப் வளையத்தை அவளே கழற்றினாள். ஊளை நின்றது. அவனுக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய அவித்த கடலையை வைத்தாள்.

விடிந்ததும் கமிட்டிச் சோதனை. அர்த்தநாரி வெறுங்காட்டில் நின்றான். ஊளை அடங்கி ஒரு இரவு ஆகியிருந்ததால், ஏழு மயில்களும் பாறையில் இருந்து நிதானமாக நடந்து இறங்கி வந்து, மண்ணில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கத் தொடங்கின. அவன் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, பட்டனை அழுத்தினான்.

“மாமா, சாப்டாச்சுங்களா?”

வடக்கே ஊரார் எல்லோரும் சென்னியப்பனைச் சுற்றி நின்றிருந்தார்கள். “ஆச்சு மாப்ளே. சொல்லு.”

“வந்துருச்சுங்க. ஏழும் பத்திரமா வந்து சேர்ந்துருச்சுங்க. நடந்துதான் வந்துதுங்க.”

ஊராரிடம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஒரு சொல் பிசகாமல் கேட்டது.

“களைச்சிருக்குதா?”

“தலையைக் குனிஞ்சுட்டே இருக்குதுங்க.”

“விரதமல்லொ” என்றார் சென்னியப்பன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாப்ளே, விபூதி கொண்டாந்திருக்குதா பாரு.”

அர்த்தநாரி ஏழையும் சுற்றி வந்து பார்த்தான். “தெரியலீங்க மாமா.”

“பஞ்சாமிர்தம்?”

“அதுவும் தெரியலீங்க.”

கமிட்டி அங்கேயே நின்றபடி கூடியது. குப்பணன்தான் பேசினார்.

“பழனிக்குப் போனவங்க யாராச்சும் வெறுங்கையோட வருவாங்களாங்கண்ணா?”

“வர மாட்டாங்க.”

“அப்ப கொண்டாந்திருக்குது.”

“கொண்டாந்திருக்குது. இதுல தெரியல.” சென்னியப்பன் வாக்கி டாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “மயிலு வரைக்குந்தான் தெரியுது. விலை கொறஞ்ச மெசினுல இவ்வளவுதான் தெரியும்.”

அடுத்த பஸ்ஸில் கமிட்டி கோயமுத்தூர் போய், ரிப்பீட்டரை மப்ளரோடு கடைக்காரர் மேஜைமேல் வைத்தது. என்ன குறை என்று அவர் கேட்டார். விபூதி தெரியவில்லை என்றார்கள். அவர் எழுந்து போய், அந்தப் பெரிய விலைப் பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

குப்பணன் அதைச் சுற்றிவந்து, கம்பிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சந்தேகம் கேட்டார்.

“இதுல விபூதி மட்டுந்தான் தெரியுமுங்களா, இல்ல பஞ்சாமிர்தமும் தெரியுமுங்களா?”